காரியம்: காது

ஒலிவக்கன்று ஜெப வீடு,
கடலூர்.
12.6.2005

கர்த்தருக்குள் அன்பான சகோதரி ரேகா அவர்களுக்கு,

கிருபையும் சமாதானமும் உண்டாவதாக. தாங்கள் நல்ல சுகத்தோடு இருக்க ஜெபிக்கிறோம்.

மே மாதம் தாங்கள் எழுதிய கடிதம் மூப்பர்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. பதினோரு வருடங்களுக்கு முன், நமது சபையின் பெண்பிள்ளைகள் இல்லத்தில் தங்கிப் படித்தபோது, போதகர் தேவநேசன் ஐயா தங்களை அடித்து மூன்று நாள் ஜெப அறையில் பூட்டி வைத்ததாகவும், அதில் தங்கள் இடது காது கேட்காமல் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது இல்லத்தில் இருக்கும் நாற்பத்தொரு பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூப்பர்கள் மிகுந்த துக்கம் அடைந்தார்கள்.

யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் இருந்தாலும், மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால் இருவரும் எழுந்து வந்து கைகொடுத்து ஒப்புரவாவது நம் சபையின் வழக்கம். ஜூலை மூன்றாம் தேதி தாங்கள் வந்தால் ஐயா கைகொடுக்க ஆயத்தமாக இருக்கிறார். அதன்பிறகு இதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டோம்.

இப்படிக்கு,
அன்பரசு
செயலாளர், மூப்பர்கள் குழு

ரேகா, மேலே உள்ளது சபை சொல்லி எழுதியது. அண்ணி மாங்காய் ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். வரும்போது வாங்கிக்கொண்டு போ. – அண்ணன்.


சிதம்பரம்,
19.6.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? செம்பியனுக்குப் பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆட்டிக்கொண்டே திரிகிறானா?

‘சகோதரி அவர்களுக்கு’ என்று பார்த்ததும் பயந்துபோனேன். நம் வீட்டில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கூடப் பிறந்த அண்ணன் ‘தாங்கள்’ போட்டு எழுதினால் வேறு என்ன நினைப்பது? நேரில் பேசலாம் என்றால் உனக்கு ஷிப்ட் ஒழியாது. கடை இரைச்சலில் போன் பேசினால் எனக்குப் பாதிதான் விளங்கும். அதனால் எழுதியே தீர்த்துக்கொள்வோம்.

இத்தனை வருடம் சும்மா இருந்தவள் இப்போது ஏன் என்று மூப்பர்கள் கேட்டிருப்பார்கள். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கடையில் வருகிறவர்களுக்காகப் பேப்பர் வாங்கிப் போடுவார்கள். ஏப்ரலில் ஒருநாள் அதில் இல்லத்தின் போட்டோ வந்திருந்தது. சுனாமியில் வீடு வாசல் போன பிள்ளைகளைச் சேர்த்து நாற்பத்தொரு பேர், முன்வரிசையில் இருந்ததுகளுக்கு ஏழெட்டு வயதுதான் இருக்கும். நடுவில் ஐயா நிற்கிறார். அவருக்குப் பின்னால் அந்த அறையின் கதவு தெரிகிறது. அதே பச்சைப் பெயிண்ட், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அன்று நான் ஒரு ஸ்லைடைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

எனக்கு ஒப்புரவு வேண்டாம் அண்ணா. ஐயாவை ஜெயிலில் போடச் சொல்லியும் நான் எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளை அங்கிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் சபையை விட்டு வந்தவள், என் பேச்சு அம்பலம் ஏறாது. நீ மூப்பர். அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் நீதான். அதை நீ எழுந்து சொன்னால் போதும்.

ஊறுகாயை பஸ் நடத்துநரிடம் கொடுத்து அனுப்பு. பாட்டிலை இறுக்கி மூடச் சொல்.

உன் தங்கை,
ரேகா


கடலூர்,
24.8.2005

அன்புள்ள தங்கை ரேகாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் எல்லோரும் சுகம். பதில் போட நாளாகிவிட்டது. கம்பெனியில் இரண்டு பேர் நின்றுவிட்டதால் எனக்கு டபுள் ஷிப்ட். சிப்காட் காற்றில் இந்த மாதம் நாற்றம் ஜாஸ்தி, அண்ணிக்கு இருமல் விடவில்லை. செம்பியனுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். எழுதத்தான் கை வரவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். குமராட்சியில் நம் அப்பா கூலி வாங்கப் போன இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுவார். நான் முதன்முதலில் நாலு பேருக்குச் சமமாக நாற்காலியில் உட்கார்ந்தது இந்தச் சபையில்தான். அப்பா அம்மா போனபின் குடியில் கிடந்தவனைத் தூக்கி வந்து குளிப்பாட்டி, ஆள் பிடித்து வேலை வாங்கிக் கொடுத்து, மூப்பராகவும் ஆக்கியவர் ஐயா. சுனாமிக்கு மறுநாள் அவரோடு நானும் கடற்கரைக்குப் போனேன். நம் சபை முத்தம்மாளின் பேரப்பிள்ளைகள் இரண்டையும் அவர்தான் தோளில் சுமந்து வந்தார். அறுபத்தைந்து வயதில் நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் பிணம் தூக்கினார். அதையும் நான் என் கண்ணால்தான் பார்த்தேன்.

ஐயா அடித்திருக்கலாம். அந்தக் காலத்தில் யார்தான் அடிக்கவில்லை? நம் அப்பா அடிக்காத அடியா? நீ சொல்கிற அந்த நாள் எனக்குச் சரியாக நினைவில்லை.

இப்போது சபையைப் பற்றி வெளியில் ஒரு சொல் போனால், வருகிற அரிசியும் துணியும் நின்றுவிடும் என்கிறார்கள். பிள்ளைகள்தானே பட்டினி கிடக்கும்? யோசி.

ஊறுகாயை வியாழக்கிழமை மதியம் வருகிற பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.

உன் அண்ணன்,
அன்பரசு


சிதம்பரம்,
1.9.2005

அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். அண்ணியின் இருமலுக்கு ஆடாதொடை போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு. அது கேட்காவிட்டால் டாக்டரிடம் போ, ஜெபத்தோடு விட்டுவிடாதே. ஊறுகாய் வந்தது.

உனக்கு நினைவில்லை. சரி, எனக்கு இருப்பதை எழுதுகிறேன்.

இரவு ஜெபத்தில் நான் தூங்கிவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம். எனக்குப் பதினான்கு வயது, அன்று பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தேன். எல்லார் முன்னாலும் ஐயா கையால் காதோடு சேர்த்து மூன்று அடி. மூன்றாவது அடியில் உள்ளே ஏதோ கிழிந்தது. பெருமைப் பேய் பிடித்திருக்கிறது, உபவாசம் இருந்தால் போகும் என்று உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். தண்ணீர் மட்டும் வந்தது. மூன்றாம் நாள் காதிலிருந்து சீழ் வடிந்தபிறகுதான் உனக்கு ஆள் அனுப்பினார்கள்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு, காதில் பஞ்சோடு என்னை முன்னால் நிறுத்தினார்கள். வழக்கப்படி நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ‘உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.’ சபை அல்லேலூயா என்றது. எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. அன்றிலிருந்து அதைப் பற்றி வாய் திறந்தால் பாவம் எனக்கு. இது எந்த ஊர் நியாயம் அண்ணா? வேலித் தகராறுக்குக் கைகொடுக்கலாம். இதற்கு எப்படிக் கைகொடுப்பது?

நீ குடியை விட்டது அந்தச் சபையால்தான். எனக்குத் தெரியும். நானும் சந்தோஷப்பட்டேன். அதற்காக நீ ஐயாவை எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடு. என் காதை அந்தக் காணிக்கையில் சேர்த்துப் போடாதே.

ரேகா


ஒலிவக்கன்று ஜெப வீடு,
கடலூர்.
15.10.2005

சகோதரி ரேகா அவர்களுக்கு,

சமாதானம் உண்டாவதாக.

மூப்பர்கள் குழு உபவாசித்து ஜெபித்து எடுத்த தீர்மானம்: தாங்கள் கூறுவது போன்ற சம்பவம் எதுவும் இல்லத்தில் நடக்கவில்லை. மேலும், அந்தக் காரியம் அப்போதே சபை முன்பாக ஒப்புரவாகி முடிந்துவிட்டது. முடிந்ததைக் கிளறுவதால் தாங்கள் ஒப்புரவை மீறியவராகிறீர்கள். ஆகவே தங்கள் பெயர் சபைப் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. சபையார் யாரும் தங்களோடு உணவருந்தவோ கடிதத் தொடர்பு வைக்கவோ கூடாது.

இப்படிக்கு,
அன்பரசு
செயலாளர்


சிதம்பரம்,
20.10.2005

அண்ணா,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கடைப் பெண் பவானியிடம் காட்டினேன். வேதமும் தெரியாது, சபையும் தெரியாது அவளுக்கு. படித்துவிட்டு, “இன்னாக்கா இது, நடக்கவே இல்லன்றாங்க, நடந்தது முடிஞ்சிபோச்சின்றாங்க. நடக்காததுக்கு எதுக்கு சமாதானம்?” என்று கேட்டாள். எட்டாம் வகுப்புப் படித்தவளுக்குத் தெரிந்தது உங்கள் ஆறு மூப்பருக்கும் தெரியவில்லை.

ஒப்புரவான பெயர்களை எழுதி வைக்கும் நோட்டு ஒன்று உண்டே. செயலாளர் அலமாரியில்தான் இருக்கும், அதாவது உன்னிடம். 1994, ஆகஸ்ட் மாதத்தைப் பிரித்துப் பார்.

நீ எழுதக்கூடாது. எனக்கு அந்தக் கட்டு இல்லை, வெளியே இருப்பவளுக்கு அது ஒரு வசதி. தீபாவளிக்குச் செம்பியனுக்கும் பாப்பாவுக்கும் துணி எடுத்திருக்கிறேன். அது உணவு இல்லை, போட்டுக்கொள்ளலாம்.

ரேகா


கடலூர்,
9.1.2006

அன்பு நாத்தனார் ரேகாவுக்கு அண்ணி அமராவதி எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளைகளும் நல்ல சுகம். இருமல் நின்றுவிட்டது. நவம்பர் வெள்ளத்தில் உங்கள் பக்கம் தண்ணீர் ஏறியதாகச் சொன்னார்கள், அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதக்கூடாது என்று சபையாருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன அன்று நான் புள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தேன். என் காதில் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து வராது, கோர்வையாக இருக்காது. பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுவோம். பல வருடமாகப் போகிறேன். உன் கடிதத்தை உங்கள் அண்ணன் என்னிடம் காட்டவில்லை, நானே எடுத்துப் படித்தேன். படித்தபிறகு போன சனிக்கிழமைதான் கவனித்தேன். வகிடெடுக்க நான் சீப்போடு கையைத் தூக்கினால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. ஒரு பிள்ளை இல்லை, அன்று நான் தலைவாரிய பதினொன்றில் ஒன்பது. “ஏண்டி குனியற, நான் அடிக்கவா போறேன்?” என்றேன். அது சிரித்துவிட்டு, “பழக்கம் ஆன்ட்டி” என்றது. எனக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருடம் நான் என்னத்தைப் பார்த்தேன், தலையையா, எண்ணெயையா?

உங்கள் அண்ணன் அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருக்கிறார். என்னவென்று சொல்லமாட்டேன் என்கிறார். மூன்று மாதமாகத் திருவிருந்தில் அப்பம் எடுக்கவில்லை. தட்டு வரும்போது எழுந்து செருப்பை ஒழுங்குபடுத்தப் போவதுபோல வெளியே போய்விடுகிறார். மூப்பரே எடுக்காவிட்டால் எப்படி என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்.

ரேகா, உன் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ‘காது கேக்காத பொண்ணு, படியில உழுந்துட்டா’ என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவர் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். தெரியாமல் சொன்னேன் அம்மா.

நான் என்ன செய்யட்டும், எழுது.

அண்ணி


சிதம்பரம்,
16.1.2006

அன்பு அண்ணிக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆனதா? உங்கள் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. படித்துவிட்டு அழுதேன், பிறகு சாப்பிட்டேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பிள்ளைகளிடம் இனி ஒன்றும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டது ஐயா காதுக்குப் போனால் அடி அவர்களுக்குத்தான். சனிக்கிழமை போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நான் டிசம்பரிலேயே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். அந்த அதிகாரி அம்மா என்னை ஒருமணி நேரம் உட்காரவைத்து, வலப்பக்கம் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். மார்ச்சில் விசாரணைக்கு வருவதாகச் சொன்னார்கள். “உங்க பேச்ச நான் நம்பறேன். ஆனா உள்ள இருக்குறவங்க ஒருத்தர் சொன்னா அன்னைக்கே புள்ளைங்கள எடுத்துடலாம். இல்லன்னா இழுக்கும்” என்றார்கள்.

இழுத்தால் அந்த மாதங்களும் பிள்ளைகள் அங்கேதான் இருக்கும். அண்ணன் சொல்வான் என்று எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்லுங்கள். அதற்கு அண்ணனிடம் உத்தரவு கேட்க வேண்டாம்.

படியில் விழுந்த கதையை நான் உங்கள் கணக்கில் வைக்கவில்லை.

ரேகா


கடலூர்,
7.3.2006

ரேகா,

நாங்கள் சுகம். உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது? வலது காதை வருடம் ஒருமுறை காட்டிக்கொள்கிறாயா?

நேற்று முன்தினம் முதல் ஞாயிறு. அதிகாரி திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்ததும், சனிக்கிழமை ஐயா என்னைக் கூப்பிட்டு, “அந்த நோட்டுல ஒரு தாள் பழசாயிட்டு இருக்கு தம்பி, எடுத்துடு” என்றார். அதட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த நோட்டை நீ பார்த்ததில்லை. தேதி, இரண்டு பேர் பெயர், காரியம் என்னவென்று ஒரே சொல், கடைசியில் சாட்சிக் கையெழுத்து. பக்கம் பக்கமாக வேலி, கோழி, சீட்டு, வாய்ப்பேச்சு, மறுபடி கோழி என்று போகிறது. 7.8.1994இல் ‘போதகர் தேவநேசன் – ரேகா. காரியம்: காது.’ சாட்சி என்று போட்டிருக்கிற கையெழுத்து என்னுடையது. நடக்கவில்லை என்று அக்டோபரில் உனக்கு எழுதியதும் அதே கையெழுத்துதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஞாயிறு ஒப்புரவு நேரத்தில் எழுந்து போய் அதை வாசித்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொன்னேன். டாக்டர் உன்னைப் பார்த்து எப்படி ஆச்சு என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு, “படியில உழுந்துட்டா சார்” என்றேன். குடியை விட்டு அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. சபை போனால் நானும் போய்விடுவேன் என்று பயம். எனக்கு நினைவில்லை என்று எழுதினேனே, பொய். ஒரு நாளும் மறந்ததில்லை.

முத்தம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, “எம் புள்ளைங்கள சொமந்த கையிடா அது, அதப்போயி இப்புடி சொல்லிட்டியே” என்று அழுதாள். அவர் சுமந்ததும் நிஜம். ஐயா உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேர் எழுந்து போனார்கள். திருவிருந்து நடக்கவில்லை.

சாயங்காலம் மூப்பர் சின்னையன் சைக்கிளில் வந்தார். என்னோடு இனிச் சாப்பிடக்கூடாது என்று சொல்லத்தான் அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னார். சொல்லிவிட்டும் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி, “எம் பொண்ணும் நாலு வருஷம் அங்கதான் இருந்தா தம்பி. இன்னாம்மா எப்புடி இருந்துச்சின்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல” என்றார். பிறகுதான் சைக்கிளை எடுத்தார்.

திங்கட்கிழமை நானும் அண்ணியும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தோம். நோட்டையும் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே இரண்டு வேன் வந்தது. நாற்பத்தொரு பேரும் போய்விட்டார்கள். எல்லோரும் ஏறும்வரை அண்ணி நின்று எண்ணினாள்.

ரேகா, உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் ஒன்றும் இல்லை அண்ணா என்று நீ சொல்வாய். உனக்கு அப்படித்தான் பழக்கினோம். அன்று உன்னை முன்னால் கூட்டிக்கொண்டு போனவன் நான். உன் கை பின்னால் இழுத்தது, நான் விடவில்லை. அதற்கு ஒரு கைகொடுப்பு போதாது. ஆகையால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். கோபமாகவே இரு.

அன்பரசு


சிதம்பரம்,
11.3.2006

அண்ணா,

வலது காது நன்றாக இருக்கிறது. போன மாதம்தான் காட்டினேன்.

உன் மேல் எனக்கு இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஒரு நாளில் சொல்லி முடியாது, நடுவில் நான் கத்துவேன், நீ எழுந்து போகக்கூடாது.

உன்னோடு இனி யாரும் சாப்பிடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பத்தரை பஸ்ஸுக்கு அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. மீன் குழம்பு வைக்கிறேன்.

ரேகா